சய்ராகான் பத்து வரை எண்ணினாள்

சய்ராகானைப் பத்து நொடி வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி பிஷ்கெக்கிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்ற சேதி, நான் காலைத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதற்குள் வார்டு முழுக்கப் பரவிவிட்டது. நடக்க முடிந்தவர்கள் நடந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். முடியாதவர்கள் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார்கள்.

சய்ராகான் எங்கள் நாரின் ஆஸ்பத்திரியின் நரம்பு வார்டில் தலைமை நர்ஸ். ஐம்பத்தேழு வயது. ஊசி போடும்போதுகூடப் பேச்சை நிறுத்த மாட்டாள். அவள் போட்டால் வலிக்காது என்பார்கள். எனக்கென்னவோ வலியைக் கவனிக்க அவள் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை என்றுதான் தோன்றும். நான் அந்த வார்டில் தேநீர் ஊற்றுகிறவள். பத்துப் பேர் உட்காரும் மேசை என் தேநீர் அறையில் மட்டும்தான் இருந்தது என்பதால் அந்தப் பெண் எங்களுக்குக் கொடுக்கப்போகும் பயிற்சியை அங்கேயே வைத்துவிட்டார்கள். அதற்கான உத்தரவில் ‘நோயாளியின் அருகில் செல்லும் அனைவரும்’ என்றும் போட்டிருந்தது.

“அப்ப நானுமா?” என்று கேட்டேன்.

“கூமுஷ் எஜே, நீங்கதான் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை போறீங்க. டாக்டர் ஒரு தடவைதான் போறார். உக்காருங்க” என்றாள் வந்த பெண். எங்கள் பேச்சில் எஜே என்றால் அக்கா. சினாரா என்று பெயர். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். செவ்வாய் முதல் வெள்ளி வரை நாலு நாள் எங்களோடு இருக்கப் போகிறாள்.

“மூளையில ரத்தம் அடைச்சுப் பேச்சு போனவங்களுக்கு அறிவு போகலை” என்று ஆரம்பித்தாள். “வார்த்தை எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. வர்ற வழிதான் மூடிக்கிச்சு. டோலோன் கணவாய் பனியில மூடினா, அந்தப் பக்கம் பிஷ்கெக் இல்லாமலா போயிடும்?”

“மூடினா தள்ளிவிட ஆள் இருந்தார். அவரே இப்ப ஏழாம் கட்டில்ல படுத்திருக்கார்” என்றாள் சய்ராகான்.

ஏழாம் கட்டில் எசென்குல் அத்தா. வயதில் பெரியவரை எங்களில் அத்தா என்போம். முப்பத்தோரு வருஷம் டோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். மார்ச்சில் ஒரு காலை, முற்றத்தில் குதிரைக்குப் புல் போடும்போது சரிந்துவிட்டார். கால் தேறிவிட்டது, கோலூன்றி நடப்பார். வலது கைதான் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சில் மிச்சம் இருந்தது ‘அது வந்து’ மட்டும். பசித்தாலும் ‘அது வந்து’, பிடிக்கவில்லை என்றாலும் ‘அது வந்து’. சய்ராகானைக் கண்டால் பெருமூச்சோடு ஒரு ‘அது வந்து’. இருபது விதமாகச் சொல்வார்.

வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் சிக்கல். மகன் இரிஸ்பெக் பிஷ்கெக்கில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறான். அங்கே கூட்டிப்போக எல்லாம் தயார். “வர்றீங்களா அத்தா?” என்று போனில் கேட்டபோது அவர் “அது வந்து...” என்றாராம். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டான்.

“அது சம்மதமா?” என்று சினாரா கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? அதே சொல்லைத்தான் அவர் என் கஞ்சிக்கும் சொன்னார்” என்றேன்.

“அப்ப அவர்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். அதுக்குத்தான் இந்தப் பயிற்சியே.”

அத்தாவை அழைத்து வந்து மேசையின் தலைப்பக்கம், பெரியவர்களுக்கான இடத்தில், கதவைப் பார்த்தபடி உட்கார வைத்தோம். எதிரே சய்ராகான்.

“ஒரே ஒரு கேள்வி, எஜே. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரை எண்ணுங்க. அவர் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. நீங்களா முடிச்சு வைக்கவும் கூடாது.”

சய்ராகான் மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அத்தா, ராத்திரி தூங்குனீங்களா, இல்ல அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டாரா, அவரை வேற அறைக்கு மாத்தணும்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன், ஆனா டாக்டர்...”

“ஒரு கேள்வி, எஜே.”

“இது ஒண்ணுதான். கொஞ்சம் நீளமா இருக்கு.”

“சத்தமும் வேண்டாம். அவருக்குக் காது நல்லாக் கேக்கும்.”

“எனக்கு இதுதான் மெதுவு.” ஆனாலும் குரலை ஒரு படி இறக்கினாள். “தூங்குனீங்களா அத்தா? ஒண்ணு, ரெண்டு, மூணு...”

“மனசுக்குள்ள எண்ணணும்.”

“என் மனசு வெளியிலதான் இருக்கு. நாலு... தூங்கியிருப்பார், கண்ணைப் பாருங்க, தெளிவா இருக்கு.”

“அது வந்து” என்றார் அத்தா. சய்ராகானின் வாயெதிரே இடது உள்ளங்கையை நீட்டினார், வண்டியை நிறுத்துவது போல. பிறகு கதவோரம் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்துக் கட்டில்காரரை விரலால் காட்டி, தலையைச் சாய்த்து, தொண்டையிலிருந்து ஒரு குறட்டை எடுத்தார் பாருங்கள், மலையில் பனி சரிவது போல. அறையே சிரித்தது. குறட்டைக்காரர்கூடச் சிரித்தார்.

“எட்டு நொடி. எட்டு நொடியில முழுக் கதையும் சொல்லிட்டார்” என்றாள் சினாரா.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு அட்டைகள் செய்து கொடுத்தாள். பச்சை அட்டையில் மேலே தூக்கிய கட்டைவிரல், ஆமாம். சிவப்பில் கீழே கவிழ்ந்த கட்டைவிரல், இல்லை. அத்தா ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டார். ஜன்னல் மூடட்டுமா, பச்சை. இது கோடைக்காலமா, சிவப்பு. சய்ராகான் அழகா என்று கேட்டதற்கு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார்.

“பத்து ஆச்சு!” என்றாள் சய்ராகான்.

“இன்னும் எண்ணுங்க எஜே, கஷ்டமான கேள்வி” என்றாள் சினாரா.

சய்ராகானுக்கு ஒன்று பிடித்துவிட்டால் சட்டமாக்கிவிடுவாள். ‘நோயாளியின் பதிலை மதிக்க வேண்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மறுநாள் புதன்கிழமை காலை நான் தேநீர்த் தள்ளுவண்டியோடு போனபோது, என்னை முந்திக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனாள்.

“டீ வேணுமா, அத்தா?”

சிவப்பு.

“பார்த்தீங்களா எஜே? வேண்டாம்னு சொல்லிட்டார். வண்டியைத் தள்ளுங்க.”

“ஒரு தடவைதானே கேட்ட...”

“பதிலை மதிக்கணும்!”

மதியமும் அதே கதை. கேள்வி, சிவப்பு, மதிப்பு, வண்டி. திரும்பிப் பார்த்தேன். அத்தாவின் கண் என் கெட்டிலைத் தொடர்ந்து கதவு வரை வந்தது. மூன்று மணிக்கும் இப்படியே ஆனதும் எனக்குப் பொறுக்கவில்லை. தேநீர் அறைக்கு வந்து சினாரா முன்னால் கெட்டிலை டங்கென்று வைத்தேன்.

“மகளே, ஒண்ணு கேக்கறேன். நாரின்ல முதல் தடவை கேட்டதும் ‘ஆமா, டீ கொடு’ன்னு எந்த மனுஷன் சொல்லுவான்? வளர்ப்பு சரியில்லாதவன் சொல்லுவான். அந்த மனுஷர் மரியாதைக்கு வேண்டாம்னாரு. நீங்க அவரைக் காயப்போட்டுட்டீங்க.”

சினாரா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. “நான் படிச்ச பாடம் வெளிநாட்டுக்காரங்க எழுதினது. அவங்க ஒரு தடவைதான் கேப்பாங்க போல. என் மாமியார் வீட்டுல நானே ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு மூணாவது தடவைக்குக் காத்திருப்பேன்.”

“மூணாவது தடவை கேக்கலைன்னா?”

“சமையலறையில போய்க் குடிப்பேன்.”

கதவோரம் கேட்டுக்கொண்டிருந்த சய்ராகான் நேரே ஏழாம் கட்டிலுக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். டீ? சிவப்பு. டீ? சிவப்பு, ஆனால் கொஞ்சம் மெதுவாக. டீ, அத்தா? பச்சை அட்டை துள்ளி வந்தது. இரண்டு குவளை ஒரே மூச்சில் குடித்தார். சுவரில் இருந்த காகிதத்தின் அடியில் சய்ராகான் எழுதிச் சேர்த்தாள்: ‘மூன்று முறை கேட்ட பிறகு.’

அந்தக் குவளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக் குவளை தகரம். அதில் நான் விளிம்பு வரை ஊற்றுவேன். முப்பது பேருக்கு ஊற்ற வேண்டாமா? வீட்டில் அப்படி ஊற்றினால் விருந்தாளி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் கிண்ணத்தில் இரண்டு வாய்தான் ஊற்றுவோம். மறுபடி ஊற்ற, மறுபடி உட்கார வைக்க. விளிம்பு வரை ஊற்றினால் ‘குடிச்சிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே எல்லாருமே கிளம்பத்தானே பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை இரிஸ்பெக் வந்தான். நல்ல பையன். ஆரஞ்சும் கம்பளிக் காலுறையும் கொண்டு வந்தான். அப்பாவின் நகத்தை அவனே வெட்டிவிட்டான். அவன் வெட்டி முடிக்கும் வரை சய்ராகான் வாசலிலேயே நின்றாள். அவள் காத்திருந்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

“இரிஸ்பெக், உங்கப்பா இப்ப பதில் சொல்லுவார். கேட்டுப் பாரு. ஒரு கேள்வி. அப்புறம் வாயை மூடிக்கோ” என்றாள்.

“நீங்களா எஜே இதைச் சொல்றீங்க?”

“ஏன், நான் சொல்லக் கூடாதா?”

அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான். “அத்தா, நாளைக்கு என்கூட பிஷ்கெக் வர்றீங்களா?”

எசென்குல் அத்தா சிவப்பு அட்டையை எடுத்தார். தயக்கமே இல்லை.

“ஆஹா! சொல்லிட்டார்!” என்று சய்ராகான் கை தட்டினாள்.

இரிஸ்பெக் அசையவில்லை. “இது மரியாதைக்குச் சொல்றது எஜே. எனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறார். என் கல்யாணத்தப்ப கார்ல முன் சீட்டுல உக்காரவே நாலு தடவை கெஞ்சினேன்.” மறுபடி கேட்டான். சிவப்பு. மூன்றாம் முறை கேட்டான். சிவப்பு.

“மூணு ஆச்சு” என்றாள் சய்ராகான்.

“டீக்கு மூணு. வீட்டை விட்டு வர்றதுக்கு மூணு போதுமா?” சுவரைக் காட்டினான். “நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க. வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமில்லைன்னு.”

சய்ராகான் என்னைப் பார்த்தாள், நான் சினாராவைப் பார்த்தேன், சினாரா சுவரைப் பார்த்தாள். எங்கள் வலையில் நாங்களே விழுந்திருந்தோம். நான்காம் முறையும் சிவப்புதான். அட்டையை இப்போது மேசையில் அறைந்தார். “அது வந்து! அது வந்து!”

“பாருங்க, எவ்வளவு வருத்தப்படுறார் என்னைப் பத்தி” என்றான் மகன்.

வெளியே தாழ்வாரத்தில் என்னிடம் மட்டும் சொன்னான்: “எஜே, சித்தப்பா எங்க ஊர் வீட்டு முற்றத்துலயே இருக்கார், சோறு தண்ணிக்குக் குறையில்லை, எனக்குத் தெரியும். ஆனா நான் கடைக்குட்டி. நம்ம வழக்கப்படி அப்பாவை வெச்சுக்க வேண்டியவன் நான். விட்டுட்டுப் போனா என் அத்தைங்க மூணு பேரும் செத்தாலும் விட மாட்டாங்க. ‘பேச்சில்லாத மனுஷனை நடுத்தெருவுல விட்டான்’னு பேசுவாங்க.”

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மூன்று அத்தைகளையும் எனக்குத் தெரியும்.

வெள்ளி காலை டாக்ஸி முற்றத்தில் நின்றது. அத்தாவின் பை கட்டியாகிவிட்டது. பயணம் போகிறவரை வெறும் தகரக் குவளையோடு அனுப்பக் கூடாது என்று நான் வீட்டிலிருந்து ஐந்து கிண்ணமும், பால் கலந்து உப்புப் போட்ட தேநீரும், நானும் கொண்டுவந்திருந்தேன். நான் என்று சொன்னது ரொட்டி. எங்கள் பேச்சில் அதற்கு நான் என்றுதான் பெயர். அனுப்பும் தாளோடு சய்ராகான் உட்கார்ந்திருந்தாள். ‘செல்லும் இடம்’ என்ற கோடு காலியாக இருந்தது.

“எழுதலையா எஜே?” என்றான் இரிஸ்பெக்.

“பேனா எழுத மாட்டேங்குது.”

அத்தா மேசையின் தலைப்பக்கம் இருந்தார். நான் கதவோரம் கெண்டியோடு உட்கார்ந்து முதல் சுற்று ஊற்றினேன், ஆளுக்கு இரண்டு வாய். குடித்ததும் அவர் உள்ளங்கையால் மேசையைத் தட்டினார்.

“அது வந்து.”

ஊற்றச் சொல்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். கிண்ணத்தைத் தரவில்லை. கெண்டியைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார்.

“நீங்க எதுக்கு அத்தா ஊத்தணும்? இவ்வளவு பேர் சின்னவங்க இருக்கோம். குடுங்க, நான் ஊத்தறேன்” என்று இரிஸ்பெக் எழுந்தான்.

பெரியவர் கையில் கெண்டியைக் கொடுப்பதாவது! ஆறு வாரமாக அந்த மனுஷருக்கு நாங்கள் ஊட்டினோம், ஊற்றினோம், துடைத்தோம். ஒரு முறையாவது அவர் கையில் எதையாவது கொடுத்தோமா? சய்ராகானின் கை அதற்குள் கெண்டியின் மேல் இருந்தது. இனி ஒரு பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கெண்டியை மெல்ல அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

இடது கையால் தூக்கினார். செயலற்ற வலது கையை, முறைப்படி கெண்டியின் அடியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். சினாராவின் கிண்ணத்தில் இரண்டு வாய். எனக்கு இரண்டு வாய். சய்ராகானுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. எங்களில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மகனின் கிண்ணத்தை எடுத்தார். ஊற்றினார். பாதி வந்தது. நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. தேநீர் விளிம்பைத் தொட்டு, விளிம்புக்கு மேலே லேசாக வளைந்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பனியில் பாதாளத்தின் ஓரம் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பழகிய கை.



“கை... கை நடுங்கிருச்சு” என்றான் இரிஸ்பெக்.

சய்ராகான் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அத்தா தன் கிண்ணத்தை எடுத்து, சரியாக இரண்டு வாய் ஊற்றி, தன் முன்னால் வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்தார்.

அவன் தன் கிண்ணத்தைப் பார்த்தபடி கேட்டான். “அத்தா, என்னைக் கிளம்பச் சொல்றீங்களா?”

பச்சை.

“நான் மட்டும்?”

பச்சை.

“நீங்க நம்ம வீட்டுக்கு?”

பச்சை அட்டையை எடுக்கவே இல்லை, அது கையிலேயேதான் இருந்தது. அதை மகனின் கையில் திணித்தார். “அது வந்து” என்றார். அந்த இருபதில் இல்லாத ஒன்று அது.

“ஊர் என்னைப் பத்தி என்ன பேசும்...” என்று அவன் தொடங்கினான். அவர் ரொட்டியைப் பிய்த்து அவன் வாயருகே கொண்டுபோனார். வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் ரொட்டியில் வாய் வைக்காமல் போகக் கூடாது. அவன் கடித்தான். பிறகு அவர் இடது கையால் வலது கையைப் பிடித்து உள்ளங்கை மேலே வரும்படி திருப்பி வைத்து, இரண்டு கையையும் ஏந்தினார். ஆசி கொடுக்கப் போகிறார்! நாங்கள் எல்லாரும் கையேந்தினோம். கதவோரம் குறட்டைக்காரர் ஏந்தினார். ஏன் தாமதம் என்று கேட்க வந்த டாக்ஸிக்காரரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏந்தினார்.

உதடு அசைந்தது. முகத்தில் கையை வழித்து, “ஓமின்” என்றார்.

தெளிவாக. தகரத்தில் கல் விழுந்தது போல.

“ஆசியை முடிக்கிற ஓமின் மாதிரி தொழுகையில வர்ற வார்த்தை, எண்ணிக்கை, இதெல்லாம் மூளையில வேற வழியா...” என்று சினாரா கிசுகிசுத்தாள்.

“ஷ்ஷ்!” என்றாள் சய்ராகான்.

ஆறு பேர் முன்னால் கொடுத்த ஆசி. மூன்று அத்தைகள் அல்ல, முப்பது அத்தைகள் வந்தாலும் இனி அதைத் திருப்பி வாங்க முடியாது. இரிஸ்பெக்குக்கும் அது புரிந்துவிட்டது. தோள் கொஞ்சம் இறங்கியது. ஆனால் கிண்ணத்தைத் தூக்க முடியவில்லை, தூக்கினால் சிந்தும். மேசை மேல் குனிந்து, கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சினான். அத்தாவின் மீசை துடித்ததைப் பார்த்தேன்.

வாசலில் நின்று கடைசியாகக் கேட்டான். “சரி. பனி விழுந்தா, ஒரு மாசமாவது வந்து இருப்பீங்களா?”

சிவப்பு.

அவன் முகம் விழுந்தது. சய்ராகான் அவன் விலாவில் இடித்தாள். “கேளுடா மறுபடி.”

“வருவீங்களா அத்தா?”

சிவப்பு. கொஞ்சம் மெதுவாக.

“ஒரு மாசம்தான், அத்தா. வர்றீங்களா?”

அத்தா கூரையைப் பார்த்தார். மகன் கையிலிருந்த பச்சை அட்டையைப் பார்த்தார். சய்ராகானின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை முழுவதும் மடங்கி, மறு கையில் நாலு விரல் மடங்கியிருந்தது. அப்போது அவர் கையை நீட்டி அந்த அட்டையை வாங்கி உயர்த்தினார்.

சய்ராகான் மேசைக்குத் திரும்பி, தாளில் காலியாக இருந்த அந்தக் கோட்டை நிரப்பப் பேனாவை எடுத்தாள். இப்போது அது நன்றாகவே எழுதியது.